ரோஜாவின் விலையில் ஏறாத செலவுகள்

ஆங்கிலேயர் 'குட்டி இங்கிலாந்து' என்றழைத்த தளியின் குளிர்ச்சியே அதனைப் பசுமைக்குடில் ரோஜாவுக்கு உகந்த நிலமாக்கியது. பிப்ரவரி 14-ஐ ஒட்டி நல்ல விலை கண்ட உழவர், நாற்று, உரம், மருந்து, கூலி ஆகியவற்றைக் கழித்து எஞ்சுவதை இலாபம் என்கின்றார். சில ஆண்டுகளுக்கொருமுறை மாற்ற வேண்டிய கூரைத்தாள், குளிரறையின் மின்கட்டணம், வங்கி வட்டி, விடியலில் பூவைத் தரம் பிரிக்கும் இல்லத்தரசியின் உழைப்பு ஆகியவற்றை எந்தப் பூவின் தலையில் எழுதுவது? நம் வணிகவியல் மாணவர் 'மேற்செலவு' என்று படிப்பது இதனைத்தான்.

நெதர்லாந்தின் ஆல்ஸ்மீர் ஏலக்கூடத்தில் ஏலக் கழிவும் கையாளும் கட்டணமும் விற்பவர் கணக்கில் தனித்தனியே பற்றெழுதப்படுகின்றன. மார்வாரி வணிகரோ 'பர்த்தா' என்னும் முறையில் செலவையும் இலாபத்தையும் நாள்தோறும் கணித்துவிடுவர். நம்மவர் கணக்கு பெரும்பாலும் மனக்கணக்கே!

2020 ஊரடங்கில் ஓசூர் வட்டாரத்தில் பூக்களைப் பறித்துக் கொட்டினர். விற்பனை நின்றது, செடிக்கு நீரும் மருந்தும் நிற்கவில்லை, வட்டியும் ஏறிக்கொண்டேயிருந்தது. மறைந்திருந்த செலவு அன்றுதான் பலர் கண்ணில் பட்டது.

"இவற்றையெல்லாம் கூட்டிச் சொன்னால் பெங்களூர் வணிகர் வாங்குவாரா?" என்பர் சிலர். விலையைச் சந்தையே தீர்மானிக்கட்டும், மறுப்பதற்கில்லை. ஆயினும் ஆண்டு முழுவதற்குமான மேற்செலவை, இல்லத்தரசிக்குரிய கூலியையும் சேர்த்து, ஆண்டு முழுவதும் பூக்கும் பூக்களின்மீது பகிர்ந்து எழுதுதல் வேண்டும் என்பதே நம் கருத்து. எவ்விலைக்குக் கீழ் இழப்பு என்பதை, இரண்டாம் குடிலுக்குக் கடன் கேட்கச் செல்லுமுன் உழவர் அறிந்திருக்க வேண்டாமா?