ஓடுவதற்கு நான்கு, நிற்பதற்கு?

டிசம்பர் மழை. விடியற்காலையில் தேக்கா சந்தையில் காய்கறி இறக்கிவிட்டு மாமாவின் பிக்கப்பில் திரும்பிக்கொண்டிருந்தோம். பின்தொட்டி காலி. சிராங்கூன் சாலையில் பச்சை விழுந்ததும் மாமா எண்ணெயை அழுத்த, வண்டியின் பின்பக்கம் லேசாக வழுக்கியது. உடனே குமிழைத் திருகி ‘4எச்’சில் போட்டார். “இனிமே பயமில்லப்பா, நாலு சக்கரமும் பிடிச்சுக்கும்.”

அடுத்த சிக்னலில் பிரேக்கை மிதித்தார். வண்டி வழுக்கிக்கொண்டே கோட்டைத் தாண்டியது. குடையோடு சாலையைக் கடந்த ஓர் அம்மாவுக்கு ஒரு முழம் முன்னால்தான் நின்றது. அவர் திட்டக்கூட இல்லை. எங்களைப் பார்த்துவிட்டு நடந்தார்.

அன்றிரவு வண்டியின் கையேட்டைப் புரட்டினேன். (அறிவிப்பாளர் புத்தி, எதையும் வாசித்துப் பார்க்கவேண்டும்.) நான்கு சக்கர இயக்கம் வழுக்கும் இடத்தில் வண்டியைக் கிளப்ப உதவும். நிறுத்தும் வேலை பிரேக்குடையது, பிடிப்போ டயருடையது. பின்னால் பாரமில்லாவிட்டால் அந்தப் பிடிப்பும் குறையும். சிங்கப்பூரில் டயர்ப் பள்ளம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருக்கவேண்டும். மாமாவின் டயர்கள் அந்த எல்லையில்தான் ஓடிக்கொண்டிருந்தன.

அதோடு, இவருடையதைப் போன்ற வண்டிகளில் ‘4எச்’ முன் அச்சையும் பின் அச்சையும் ஒரே வேகத்தில் பூட்டிவிடும். வளைவிலோ முன்சக்கரங்கள் கூடுதல் தூரம் ஓடவேண்டும். பிடிப்புள்ள தார்ச் சாலையில் அந்த வித்தியாசத்துக்கு வழியில்லாமல் பற்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும். வீட்டுக் கார்நிறுத்தத்தில் வளைக்கும்போது வண்டி முரண்டு பிடித்தது அதனால்தான்.

மாமாவிடம் சொன்னேன். “ரேடியோல பேசுற பய எனக்கு வண்டி ஓட்டச் சொல்லித் தர்றியா?”

மறுவாரம் நான்கு டயரும் புதிது. அந்த அம்மாவைப் பற்றி மட்டும் இன்றுவரை அவர் பேசியதில்லை.