வீரரைப் போற்றுகிறோம், மனிதரை மறைக்கிறோம்

நவம்பர் மாதம் பிறந்ததும் நம் கல்லறைத் தோட்டங்களில் மெழுகுதிரிகள் எரிகின்றன. மரித்தோரை நினைவுகூர்வது நம் விசுவாசத்தின் கடமை. ஆனால் அந்த நினைவில் நாம் செய்யும் வஞ்சனை பற்றி எவரும் வாய் திறப்பதில்லை.

போர்முனையில் காலை இழந்து திரும்பிய ஒருவர். ஆட்டிசம் என்னும் இயல்போடு பிறந்து வாழ்ந்தவரும் அவரே. அத்தகையவர் மறைந்தால் நாம் செய்வது என்ன? இழந்த காலைப் புகழ்கிறோம். பிறவி இயல்பை மூடி மறைக்கிறோம். முன்னது தியாகமாம், பின்னது குடும்பத்துக்கு இழுக்காம். மிஞ்சிப்போனால், குறையையும் மீறி நாட்டுக்கு உழைத்தார் என்று அடக்கத் திருப்பலியில் ஒரு வாக்கியம். இந்த 'மீறி' என்ற சொல்லையே நாம் எதிர்க்கிறோம். மனிதரைப் பயனால் நிறுக்கும் தராசிலிருந்து பிறந்த சொல் அது.

அந்தத் தராசு எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதைக் கத்தோலிக்கராகிய நாம் அறியாதவர்கள் அல்லோம். 1941 ஆகஸ்டு 3ஆம் நாள், ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகரிலுள்ள புனித லாம்பர்ட் ஆலயத்தில் ஆயர் கிளெமென்ஸ் ஆகஸ்ட் ஃபான் காலன் மறையுரை ஆற்றினார். மனநோயாளரையும் ஊனமுற்றோரையும் நாசி அரசு நச்சுவாயுவால் கொன்றுகொண்டிருந்த காலம். அம்மாதம் வரையில் ஆறு கொலைக்கூடங்களில் மாண்டவர்கள் 70,000க்கும் மேற்பட்டோர். மரியந்தால் இல்லத்து நோயாளிகள் ஏற்றிச் செல்லப்பட்டதை ஆயர் பெயர் சொல்லியே வெளிப்படுத்தினார். பயனற்றவரைக் கொல்லலாம் என்று ஒருமுறை ஒப்புக்கொண்டால், நாளை அங்கம் இழந்து வீடு திரும்பும் படைவீரனுக்கு என்ன கதி என்று கேட்டார். கேட்டிருந்தோரின் பிள்ளைகள் அப்போது ரஷ்யப் போர்முனையில் இருந்தனர். மறையுரை படியெடுக்கப்பட்டு நாடெங்கும் இரகசியமாகக் கைமாறிற்று. ஆகஸ்டு 24இல் வாயுக் கொலைகளை நிறுத்த ஹிட்லர் ஆணையிட்டான். பட்டினியாலும் ஊசியாலும் கொலைகள் தொடர்ந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2005இல் திருச்சபை அந்த ஆயரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தது.

இம்மறையுரையை எடுத்துக்காட்டுவோர் படைவீரன் பற்றிய பகுதியையே பெரிதும் நினைவில் வைத்திருக்கின்றனர். ஆயர் வாதாடியதோ எந்தப் போரையும் கண்டிராத, எந்தப் பதக்கமும் பெறாத நோயாளிகளுக்காக! வீரனின் கதி, கேட்போர் நெஞ்சில் தைப்பதற்காக அவர் எடுத்த ஊசி.

அதே ஆண்டுகளில் வியன்னாவில் இன்னொரு கத்தோலிக்கர் இருந்தார். ஆட்டிசம் உள்ள குழந்தைகளை முதலில் ஆராய்ந்தோருள் ஒருவராகிய மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர். அவர்களுள் சிலருடைய தனித்திறனை 1944இல் வெளியிட்ட கட்டுரையில் போற்றி எழுதியவர். தேறமாட்டார்கள் என்று தாம் கருதிய குழந்தைகளை ஷ்பீகல்குருண்ட் நிலையத்துக்கு அனுப்பியவரும் அவரே. அங்கு மாண்ட குழந்தைகள் ஏறத்தாழ 800 பேர். வரலாற்றாய்வாளர் ஹெர்விக் செக் 2018இல் ஆவணங்களோடு இதை நிறுவினார். திறமை உடையவனுக்குப் பரிவு, இல்லாதவனுக்கு ஷ்பீகல்குருண்ட்! ஆயரும் மருத்துவரும் ஒரே நற்கருணையை உண்டவர்கள்தாம்.

நல்லெண்ணத்தோடு சொல்லும் ஓர் இரங்கலுரையை இத்தகைய கொடுமையோடு ஒப்பிடலாமா என்று சிலர் வெகுளக்கூடும். செயலை ஒப்பிடவில்லை, அளவுகோலைத்தான் ஒப்பிடுகிறோம். உழைத்ததால் அவர் மதிப்புக்குரியவர் என்றால், உழைக்க இயலாத அவருடைய தம்பி யார்?

நம் நாட்டுச் சட்டமும் நெடுங்காலம் இந்தப் பாதி மனிதனையே கண்டது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகை ஊனங்களைப் பட்டியலிட்டது. கால் இழந்தவர் அதில் உண்டு, ஆட்டிசம் இல்லை. 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைப் பெயர் சொல்லி ஏற்றது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. அதற்கு முன் முதுமை எய்தியவர்கள், தங்கள் இயல்புக்கு ஒரு பெயர் உண்டென்பதே அறியாமல், 'முரடர்', 'தனிக்கட்டை' என்ற பட்டங்களோடு மண்ணுக்குள் போயினர்.

அத்தகையவர் படையில் எப்படி இருந்திருக்க முடியும் என்று கேட்பதும் அறியாமையே. குறித்த நேரத்துக் குழலோசை, பொருளுக்கோர் இடம், மயக்கமில்லாத கட்டளை: சிலருக்கு இவை ஊரும் உறவும் தராத நிம்மதியைத் தந்திருக்கும். காலோடு அந்த ஒழுங்கையும் இழந்து வந்தவரிடம் நாம் கால் ஒன்றை மட்டுமே விசாரித்தோம். அரசு ஏடுகளில் வழங்கும் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்ற தொடரோ அதனினும் கொடிது. பலருக்குப் புற உலகம் எட்டாததன்று. ஓசையும் ஒளியுமாகத் தாங்கமுடியாத அளவுக்கு எட்டிவிடுகிறது.

தம் இயல்பை வெளியிட விரும்பாதவரின் மறைவை அவர் இறந்தபின் கிழிக்கச் சொல்லவில்லை. அது அவர் உரிமை. அவர் கூசாததைக் கண்டு நாம் கூசுவதையே கண்டிக்கிறோம். பம்பலோனாவில் 1521இல் குண்டடிபட்ட இனிகோவின் நொண்டிய நடையைப் புனித இஞ்ஞாசியாரின் வரலாற்றிலிருந்து எவரும் நீக்கியதில்லையே!

இவ்வாண்டும் மரித்தோர் பெயர்ப்பட்டியல் பங்கு அலுவலகத்துக்கு வரும். சில பெயர்களின் பக்கத்தில் 'முன்னாள் படைவீரர்' என்று எழுதியிருக்கும். அதே திருப்பலியில், ஒலிபெருக்கியின் இரைச்சல் தாளாமல் காதைப் பொத்திக்கொண்டு அலறும் ஒரு சிறுவனை, வெளியே கொண்டுபோகுமாறு தாய்க்கு யாரோ சைகை காட்டுவார்கள். ஒலிபெருக்கியைக் குறைக்க எவரும் எழுந்து போகமாட்டார்கள்.