கம்பி சேர்ந்ததா?

கோலத்துக்குக் காரணம் சொல்ல நம்மிடம் ஆள் பஞ்சமே இல்லை. எறும்புக்கு உணவு என்பார்கள். இடுப்புக்கு நல்லது என்பார்கள். மார்கழி விடியலில் ஓசோன் இறங்குகிறது என்று வருஷம் தவறாமல் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். எறும்புக் கட்சிக்காரர்கள் கடைசியாக அரிசி மாவில் கோலம் போட்டது எப்போது என்று கேட்க எனக்கு ஆசை. தெருவில் கூவி விற்கிற கோலமாவு பெரும்பாலும் வெள்ளைக்கல்லை அரைத்த பொடி. எந்த எறும்பும் அதைச் சீந்தாது.

போகட்டும். இத்தனை காரணமும் வாசலில் போடுகிற கோலத்துக்குத்தான். வீட்டுக்குள் இன்னொரு கோலம் உண்டு, நோட்டில் போடுவது. மத்தியானம் பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு, காபிக்குப் பால் வைக்கும்வரை கிடைக்கிற நேரத்தில் பென்சிலும் ரப்பருமாக உட்கார்ந்து போடுவது. அதனால் எறும்புக்கும் லட்சுமிக்கும் ஒரு பயனும் இல்லை. எனக்கு அந்தக் கோலத்தைத்தான் அதிகம் பிடிக்கும்.

நோட்டு என்றால் இதற்கென்று கடையில் வாங்கியதாக நினைக்க வேண்டாம். நகைக்கடை கொடுத்த டைரி, பிள்ளைகள் பாதி எழுதிவிட்டுப் போட்ட நோட்டு, சீட்டுக் கணக்கின் பின்பக்கம் என்று எதுவாகவும் இருக்கும். கட்டம் போட்ட நோட்டு கிடைத்தால் யோகம். புள்ளி தானாக வரிசைக்கு வந்துவிடும். பக்கத்தின் தலையில் ‘15 புள்ளி, 8 வரை, இடுக்கு’ என்று ஒரு வரி இருக்கும். பழகியவர்களுக்கு அது போதும். நடுவில் 15, அதன் மேலும் கீழும் இடுக்குகளில் 14, பிறகு 13 என்று குறைத்துக்கொண்டே போய் 8இல் நிறுத்த வேண்டும். மொத்தம் 169 புள்ளி. நேர்ப்புள்ளி என்றால் புள்ளிக்கு நேரே புள்ளி. 15, 13, 11 என்று இரண்டிரண்டாகக் குறைந்து 1இல் முடிந்தால் 113. இப்படிக் கூட்டிப் பார்த்தது நான்தான். நோட்டு வைத்திருப்பவர்கள் யாரும் கூட்டுவதில்லை. வரிசை தெரிந்தால் போதாதா?

என் பெரியம்மாவின் நோட்டில் ஒவ்வொரு கோலத்துக்கும் பூர்வீகம் எழுதியிருக்கும். ‘மாடி வீட்டு அக்கா.’ ‘திருவாரூர்த் தேரன்று பார்த்தது.’ ‘பொங்கல் இணைப்பில் வந்தது, ஓரத்துத் தாமரை மட்டும் நம்முடையது.’ எது வாங்கியது, எது தன் சொந்தச் சரக்கு என்று பிரித்துச் சொல்கிற இந்த நேர்மை, நான் படித்த சில ஆய்வுக் கட்டுரைகளில்கூட இருந்ததில்லை.

ஒருநாள் இரண்டு பக்கத்தையும் சேர்த்து அடைத்துக்கொண்டு ஒரு சிக்குக் கோலம். ரப்பர் அழித்து அழித்துத் தாள் நைந்திருந்தது.

“இம்மாம் பெரிசை எந்த வாசல்ல போடப் போறீங்க பெரியம்மா?”

“வாசல்ல போட யாருடி வரைஞ்சா? கம்பி சேருதான்னு பாக்குறேன்.”

சிக்குக் கோலத்தில் வளைந்து போகிற கோட்டுக்குத்தான் கம்பி என்று பெயர். அது புள்ளியைத் தொடக் கூடாது, சுற்றிக்கொண்டு போக வேண்டும். ஒரு புள்ளியும் விடுபடக் கூடாது. போன வழியிலேயே திரும்பிப் போகக் கூடாது. புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். முழுக் கோலமும் ஒரே கம்பியில் முடிந்துவிட்டால் அதற்கு ஒரு தனிக் கௌரவம். இரண்டு மூன்று கம்பிகளாகப் பிரிந்தால் பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. போட்டவளுக்குத் தெரியும்.

ஒரு தாளை எடுத்துப் பாருங்கள். 4க்கு 4 என்று சதுரமாகப் புள்ளி வைத்து, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே கம்பிகள் ஒன்றையொன்று வெட்டிப் போகும்படி நேராகப் பின்னினால் நான்கு கம்பிகள் வரும். ஒரு வரிசை கூட்டி 4க்கு 5 வையுங்கள், ஒரே கம்பியில் முடிந்துவிடும். 4க்கு 6 என்றால் இரண்டு. இரண்டு எண்ணையும் மீதியில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண் எதுவோ, அத்தனை கம்பி. பள்ளிக்கூடத்தில் மீ.பொ.வ. என்று நம்மை வாட்டி எடுத்தார்களே, அதேதான்.

சதுரத்தில் ஒரே கம்பி வேண்டும் என்றால் சில இடங்களில் வெட்டாமல் விலகித் திரும்ப வேண்டும். இரண்டு வேறு கம்பிகள் சந்திக்கிற இடத்தில் விலக்கிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். நான்கு கம்பிகளை ஒன்றாக்க மூன்று இடத்தில் விலக்கினால் தீர்ந்தது. ஆனால் மூன்று இடத்தில் கைவைத்தால் நாலு பக்கமும் ஒன்றுபோல் இராது. ஒரு மூலை இளித்துக்கொண்டு நிற்கும். அழகுக்காக நான்காவது இடத்திலும் விலக்கப் போனால், சேர்ந்த கம்பி மறுபடி பிரிந்துகொள்ளலாம். பெரியம்மாவின் ரப்பர் தேய்ந்தது இந்த இழுபறியில்தான். நாலு பக்கமும் ஒத்துப்போக வேண்டும், கம்பியும் ஒன்றாக இருக்க வேண்டும். மூன்று மத்தியானம் போனாலும் போகட்டும்.

கோலத்தில் மாட்டிக்கொண்டவர்களில் பேராசிரியர்களும் உண்டு. தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் புள்ளியியல் நடத்திய கிப்ட் சிரோமணியும், அவரோடு ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் இருவரும் சேர்ந்து 1974இல் கோலத்தைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு கோலத்தைப் படிப்படியாகப் பெருக்கிக்கொண்டு போக எப்படிப்பட்ட விதிகளை எழுதித் தந்தால் கணினிக்கு விளங்கும் என்பது அவர்கள் கேள்வி. அறிஞர்கள் எழுதியதால்தான் கோலத்துக்கு மதிப்பு என்று சொல்ல வரவில்லை. அந்தச் சான்றிதழ் பெரியம்மாவுக்குத் தேவைப்பட்டதும் இல்லை.

நோட்டுக் கோலக்காரர்கள் கூட்டத்தில் நான் சேர்த்துக்கொள்வது எஸ். நாரணனை. மும்பை டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்தவர். ஓய்வுக்காலத்தில் ஃபிபனாச்சி எண்களை வைத்துக் கோலம் போட உட்கார்ந்துவிட்டார். 3, 5, 8, 13 என்று, முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வருமே, அந்த எண்கள். நடுவில் 3க்கு 3 ஒரு சிறு சதுரம். அதைச் சுற்றி 5க்கு 8 அளவில் நான்கு செவ்வகங்களைச் சுழற்றி வைத்தால் 13க்கு 13 சதுரம் கச்சிதமாக அமைகிறது. புள்ளி 169. பெரியம்மாவின் 15-8 இடுக்குக் கோலத்திலும் அதே 169. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

ஆப்பிரிக்காவில் அங்கோலாவின் கிழக்கே சோக்வே மக்களும் மணலில் விரல் நுனியால் புள்ளி குத்தி, புள்ளிகளைச் சுற்றி ஒரே கோடாக வளைத்துப் படம் போடுகிறவர்கள். அதற்குச் சோனா என்று பெயர். அங்கே போடுவது ஆண்கள், கதை சொல்லிக்கொண்டே. மொசாம்பிக் கணித அறிஞர் பாலஸ் கெர்டஸ் சோனாவையும் நம் கோலத்தையும் அருகருகே வைத்து ஆராய்ந்திருக்கிறார். கம்பி எண்ணிக்கைக் கணக்கு அங்கேயும் இதேதான். நம் வீட்டு ஆண்களுக்கு இதை வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

இப்போது அடுக்குமாடியில் நம் பங்குக்கு வாசல் என்று கதவுக்கு வெளியே இரண்டடி கிடைக்கிறது. அதிலும் மாவு காற்றில் பறந்து எதிர்வீட்டுச் செருப்பில் படிந்தால் ஒரு பஞ்சாயத்து. ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போய்விடுகிறோம். வாசல் சுருங்கியதற்காக வருத்தப்படுகிறவர்கள் படட்டும். நான் பார்த்தவரை நோட்டு சுருங்கவில்லை. இடத்தைப் பற்றிய கவலை விட்டுப்போனதில் 21 புள்ளி, 25 புள்ளி என்று பெருத்துக்கொண்டே போகிறது. கைப்பேசியில் கோல வீடியோக்களும் குவிந்து கிடக்கின்றன. அவற்றில் எனக்கு ஒரு குறை. கை தயங்காமல் ஓடி அரை நிமிஷத்தில் கோலம் முடிந்துவிடுகிறது. அதற்கு முன்னால் அழித்த ஐந்து கோலங்களையும் காட்டினால் என்ன?

என் நாத்தனாருக்கு இந்தப் பித்து புதிதாகப் பிடித்திருக்கிறது. போன வாரம் மத்தியானத்தில் ஒரு படம் அனுப்பிவிட்டுப் பின்னாலேயே போனிலும் வந்தாள்.

“அண்ணி, ஆறுக்கு ஒம்பது வச்சேன். எப்படிப் போட்டாலும் மூணு கம்பி வருது. எங்க தப்புன்னு தெரியல.”

“தப்பில்ல. வெட்டி வெட்டியே போட்டா அதுல மூணுதான்.”

“அப்ப எட்டுக்கு ஒம்பது வச்சா?”

“வச்சுப் பாரு.”

“நீங்களே சொல்லிடுங்க அண்ணி.”

“சொல்லிட்டா மத்தியானத்துக்கு என்ன பண்ணுவே?”