பாழ்மனைப் படங்கள்

இடிந்த கட்டடங்களையும் ஆளற்ற பொட்டல்களையும் தேடிச் சென்று புகைப்படம் எடுப்பது இன்று பலருக்கு விருப்பமான கலையாகிவிட்டது. இதனை வீண் வேலை என்று நாம் கூறமாட்டோம். ஆயினும் அப்படங்கள் பலவற்றில் ஊரின் பெயர் இராது, ஆண்டு இராது, அவ்விடம் ஏன் பாழாயிற்று என்ற செய்தியும் இராது.

தனுஷ்கோடியை எடுத்துக்கொள்வோம். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயலில் அத்துறைமுக நகரம் அழிந்தது; பாம்பனிலிருந்து சென்ற ரயில் வண்டியும் பயணிகளோடு கடலுக்கு இரையாயிற்று. கூரையற்ற மாதா கோயிலும் ரயில் நிலையத்தின் எஞ்சிய சுவர்களும் இன்று படம் எடுப்போருக்குப் பெருவிருந்து. அங்கே குடிசை போட்டு மீன் பிடித்து வாழும் குடும்பங்களும் உண்டு. வெறுமை கெட்டுவிடும் என்று அஞ்சியோ என்னவோ, அவர்களை விலக்கியே பலர் படம் எடுக்கின்றனர்!

நம் ஆண்டிமடத்துக்கு அணித்தேயுள்ள கங்கைகொண்ட சோழபுரத்தின் சிதைந்த மதிலைக் காண்போர், காலத்தின் கோலம் என்று பெருமூச்சு விடுவர். காலம் மட்டுமா காரணம்? 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது அம்மதிலின் கற்கள் பெயர்த்து எடுத்துச் செல்லப்பட்டன. காரணம் அறியாதார் எடுக்கும் படம் பாதிப் படமே. கைவிட்ட நெசவாளர் வீட்டுத் தரையிலுள்ள பள்ளம் அவர்களுக்கு வெறும் பள்ளம்; குழித்தறியில் அமர்ந்து மிதிபலகையை மிதித்தவருக்கன்றோ அதன் பொருள் தெரியும்? கோடையில் உழுதுபோட்ட மானாவாரிச் செம்மண்ணைத் தரிசு என்று எழுதிவிடுவோரும் உளர்.

ஆகவே, இவ்வேலையைச் சங்கங்களே மேற்கொள்ள வேண்டும் என்பது நம் கருத்து. பூட்டிக் கிடக்கும் தறிக்கூடம், ஓடு சரிந்த கிட்டங்கி ஆகியவற்றை நாற்புறமும் உள்ளும் படம் எடுத்து, எல்லைக்கல் தெரியும்படியும் ஒன்று எடுத்து, சொத்துப் பதிவேட்டுடன் சேர்த்து வைக்கலாம். பின்னாளில் பக்கத்து வேலி நகர்ந்து வந்தால் அப்படம் சாட்சி சொல்லும். படத்தின் பின்புறம் எடுத்த தேதி, சர்வே எண், கட்டிய ஆண்டு, மூடிய ஆண்டு ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். மூடிய காரணத்தையும் எழுதுதல் வேண்டும். நூல் விலை ஏறியதா, விசைத்தறித் துணி சந்தையைப் பிடித்ததா, கடன் வசூல் நின்றதா? நிர்வாகக் கோளாறே காரணமாயின் அதனையும் மறைக்கலாகாது. இங்கேதான் சங்கங்கள் தயங்கும் என்பதை நாம் அறிவோம்.

அக்கூடத்தில் தறி போட்ட மூத்த அங்கத்தினர்களையும் உடன் அழைத்துச் செல்லுதல் நலம். எவருடைய தறி எங்கிருந்தது என்பதை அவர்களே சொல்லக்கூடும். படத்துக்கு ஆகும் செலவு சில்லறைச் செலவில் அடங்கும். அடுத்த பொதுப்பேரவைக்கு முன்னரே முடித்து, அங்கத்தினர் பார்வைக்கு வைக்கலாம்.