கொடைக்கானல் மண்ணுக்கு மட்டும் தனி அளவா?



கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001-லேயே மூடப்பட்டது. "மூடியாச்சே, மண்ணையும் சுத்தம் செய்றாங்களே, இன்னும் என்ன சார்?" என்கிறீர்கள். எந்த அளவுக்குச் சுத்தம் என்று கேட்டீர்களா? ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை விட்டுவைக்கலாமாம். யூனிலீவரின் தாய்நாடான பிரிட்டனில் குடியிருப்பு மண்ணில் தனிமப் பாதரசத்துக்கு 2009-ல் சொன்ன வழிகாட்டு அளவு 1 மில்லிகிராம். கணக்கை நீங்களே போடுங்கள்.

அதிகம் தோண்டினால் மரம் சாயும், சரிவு சரியும் என்கிறார்கள். பாதரசத்தைக் கொட்டியபோது இந்த மரப்பாசம் எங்கே போயிருந்தது? வேருக்கு வேர் பார்த்து, கையால், மெதுவாக எடுக்கட்டும். செலவாகும், ஆகட்டுமே. கீழே பாம்பார் சோலை. மழைநீர் அங்கேதான் இறங்குகிறது. நீருக்குள் போன பாதரசத்தை நுண்ணுயிர்கள் மீதைல் பாதரசமாக்கும். அது மீன் வழியாக நம் தட்டுக்கு வரும். வேலை முடிந்தது என்று அறிவிக்கும் முன், மண் பரிசோதனை முடிவுகளைத் தமிழில் ஊர் நடுவே ஒட்டச் சொல்லுங்கள்.