எங்களுக்கும் ஒரு ‘கோபி கடே’ வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகத் தோட்டத்துப் பெண்கள் பொழுது சாய்ந்தால் தொலைக்காட்சிக்கு முன்னால் குந்திவிடுகிறார்கள், இந்திய நாடகங்கள் அவர்களைக் கெடுத்துக் குட்டிச்சுவராக்குகின்றன என்று வாசகர் ஒருவர் சென்ற வாரம் உங்கள் பத்திரிகையில் எழுதியிருந்தார். குந்துவது உண்மை. நானும் குந்துகிறவள்தான். முப்பது வருசம் பிள்ளைக் காம்பராவில் ஊரார் பிள்ளைகளைப் பார்த்தவளுக்கு, இருட்டிய பிறகு ஒன்றரை மணி நேரம் உட்கார உரிமை இல்லையா? கெடுத்தது என்கிறாரே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. என் கோபம் வேறோர் இடத்தில் இருக்கிறது. அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

‘எதிர்நீச்சல்’ நாடகம் ஓடிய நாளில் எங்கள் லயத்து வரிசையில் அந்த நேரத்துக்கு ஒரு வீட்டிலும் சட்டி பானைச் சத்தம் கேட்காது. படித்த மருமகள்களை அடுப்படியில் அடைத்து வைத்து அதட்டும் ஆதி குணசேகரனைத் திட்டுவதற்கென்றே பார்த்தோம். 2023 செப்டெம்பர் 8ஆம் திகதி அந்த வேடம் போட்ட மாரிமுத்து மாரடைப்பில் இறந்துவிட்டார் என்று கேட்டதும் பக்கத்து வீட்டு அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதார். அதுவரை அவரைத் தினம் சபித்தவரும் அவர்தான். ஏன் அப்படி ஒட்டிக்கொண்டோம்? அந்த ஆள் எங்களுக்குப் புதியவர் இல்லை. மலைக்குப் போய்க் கொழுந்து கிள்ளியது அம்மா. சம்பள நாளில் வரிசையில் நின்று அந்தக் காசை வாங்கியது அப்பா. என் தலைமுறைப் பெண்கள் பலர் தங்கள் சம்பளத்தைத் தங்கள் கையால் எண்ணாமலே கிழவியானார்கள். குணசேகரன் வீட்டு மருமகள்களை வேலைக்கு விடவில்லை. எங்களை வேலைக்கு விட்டார்கள், காசைத்தான் விடவில்லை. எது பெரிய நாடகம் என்று அந்த வாசகர் சொல்லட்டும். நாங்கள் பார்த்தது மதுரைப் பக்கத்துக் கதை, அழுதது எங்கள் கதைக்கு.

ஆகவே சென்னையில் நாடகம் எடுக்கிறவர்களோடு எனக்கு வழக்கு இல்லை. அவர்கள் தங்கள் ஊர்க் கதையை எடுக்கிறார்கள். இழுக்கிறார்கள், ஒரு கல்யாணத்துக்கு ஆறு வாரம் எடுக்கிறார்கள், படுக்கப் போகும்போதும் பட்டுச்சேலை கட்டுகிறார்கள், அதெல்லாம் இருக்கட்டும். இழுப்பதில் நாங்கள் மட்டும் குறைந்தவர்களா? ‘கோலங்கள்’ நாடகம் 2003இல் தொடங்கி 2009இல் முடிந்தது. ஒரு நாளைக்கு ஆயிரம் ரூபாய்ச் சம்பளம் என்று நாங்கள் கேட்ட கதை 2015 அளவில் தொடங்கி 2021இல்தான் முடிந்தது. அதுவும் ஆறு வருசம். இடையில் விளம்பரம் மட்டும் இல்லை.

என் வழக்கு இங்கே இருக்கிற அரச தொலைக்காட்சியோடு. சுயாதீன தொலைக்காட்சி 1979இல் வந்தது, ரூபவாஹினி 1982இல். மக்கள் காசில் நடப்பவை இரண்டும். சுயாதீன தொலைக்காட்சியில் 1987 தொடக்கம் ‘கோபி கடே’ என்று ஒரு சிங்கள நாடகம் போகிறது. ஒரு கிராமம், ஒரு தேத்தண்ணிக் கடை, அதில் வந்து குந்திக் கதைக்கிற ஆட்கள், அவ்வளவுதான். ஊரில் உர விலை ஏறினால் அந்தக் கடையிலும் ஏறும், தேர்தல் வந்தால் அங்கேயும் வரும். எங்கள் தோட்டத்துக்குக் கீழே இருக்கிற கிராமத்துச் சனம் அதில் தங்களையே பார்த்துச் சிரித்ததை நான் கண்டிருக்கிறேன். கார் பெட்டரியில் கறுப்பு வெள்ளைப் பெட்டி ஓடிய காலத்தில் நானும் அவர்கள் வாசலில் இருந்து பார்த்து, பாதி விளங்கியும் விளங்காமலும் சிரித்தவள். பொறாமையில் சொல்லவில்லை, அது நல்ல நாடகம். ஆனால் இந்த மலைகளுக்கு எங்கள் பாட்டன்மார் நடந்து வந்ததே கோப்பித் தோட்டத்துக்குத்தான். கோப்பிப் பெயரில் ஒரு கடை நாட்டின் திரையில் இத்தனை வருசம் திறந்திருக்க, எங்களுக்கு அங்கே ஒரு பெஞ்சு போட யாருக்கும் தோன்றவில்லை. அதே நிறுவனம் 2009இல் வசந்தம் என்று தமிழுக்கு ஓர் அலைவரிசையைத் தொடங்கியபோது இனிமேல் நம்ம கதையும் வரும் என்று நம்பினோம். லயத்துக்குள் நடக்கிற கதை வாராவாரம் வந்ததாக எனக்கு நினைவில்லை. பொங்கலுக்கும் மே தினத்துக்கும் கூடையோடு நாலு பெண்களை நிறுத்திச் சிரிக்கச் சொல்வார்கள். மலை சரிந்தால் கமரா வரும், 2025 நவம்பரில் ‘டித்வா’ புயலுக்கு வந்த மாதிரி. மண் காய்ந்ததும் போய்விடும்.

எங்களைக் காட்டுவதே இல்லை என்றும் சொல்ல முடியாது. பகிடி நிகழ்ச்சிகளில் காட்டுகிறார்கள். தலையில் துண்டு, வாயில் வெற்றிலை, கூப்பிடாமலே “தொரை” என்று கும்பிட்டு ஓடிவரும் ஓர் ஆள். அவர் “என்னாங்க” என்று வாயைத் திறந்ததும் பின்னால் சிரிப்புச் சத்தத்தைப் போட்டுவிடுகிறார்கள். சொன்ன பகிடி என்ன என்று தேடினால் ஒன்றும் இருக்காது, அந்தப் பேச்சேதான் பகிடி. என் மகள் கொழும்பில் ஒரு புடைவைக் கடையில் நின்றாள். “நாடகத்துல வர்ற தோட்டத்து ஆள் மாதிரியே பேசுறீங்களே” என்று கூட வேலை செய்த பிள்ளை சொல்லிச் சிரித்ததாம். அந்தப் பிள்ளையில் பிழை இல்லை, அது கண்ட தோட்டம் அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து என் மகள் ஊர் கேட்டால் கண்டி என்கிறாள். எல்கடுவ என்று சொல்வதில்லை. வீட்டுக்கு வந்தால்கூட என்னோடு ஏதோ செய்தி வாசிக்கிறவர் மாதிரிக் கதைக்கிறாள். இதற்கு நான் யாரிடம் முறைப்பாடு கொடுப்பது?

பேச்சை வைத்துச் சிரிப்பது பிழை என்று சொல்ல வரவில்லை. இலங்கை வானொலியில் ‘கோமாளிகளின் கும்மாளம்’ கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அது 1976இல் ‘கோமாளிகள்’ என்று படமாகவும் வந்தது. மரிக்கார் ராமதாஸ் ஒரு விதமாகப் பேசுவார், அப்புக்குட்டி ராஜகோபால் யாழ்ப்பாணமாகப் பேசுவார், உபாலி செல்வசேகரன் சிங்களவர் தமிழ் பேசுவது போலப் பேசுவார். யாரும் யாருக்கும் கீழே இல்லை. எல்லாரும் எல்லாரையும் பார்த்துச் சிரித்தோம். இப்போதைய சிரிப்பு ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வருகிறது.

இந்தியப் படங்களுக்கு இலங்கைத் தமிழ் என்றால் யாழ்ப்பாணத் தமிழ்தான். 2025 மே மாதம் வந்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யை மகன் கைப்பேசியில் போட்டுக் காட்டினான். நல்ல படம், சசிகுமாரும் சிம்ரனும் மனசில் நிற்கிறார்கள். இங்குள்ள பொருளாதார நெருக்கடிக்குத் தப்பி இராமேஸ்வரத்தில் வந்து இறங்கும் குடும்பம் சென்னையில் தன் பேச்சை ஒளிக்கப் படும் பாட்டைப் பார்த்தபோது எனக்கு என் சின்னம்மா ஞாபகம் வந்தது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, எங்கள் ஆட்கள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவெடுத்தார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலைமன்னாருக்குப் போன அந்த ரயிலை எங்கள் பெரியவர்கள் ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். சின்னம்மா குடும்பமும் அதில் ஏறி, அதே இராமேஸ்வரத்தில் இறங்கி, கோத்தகிரிப் பக்கம் போய்ச் சேர்ந்தது. அங்கே அவர்களுக்குப் பெயர் ‘சிலோன்காரர்’. இங்கே இருந்தவரைக்கும் ‘இந்தியாக்காரர்’. சின்னம்மாவும் பேச்சை ஒளித்தவர்தான். அதற்குப் படம் இல்லை.

கிரிக்கெட் வீரர் முத்தையா முரளிதரனைப் பற்றிய ‘800’ படம் 2023இல் வந்தது. மலையகத்தில் வேர் உள்ள ஒரு குடும்பத்தின் பிஸ்கட் தொழிற்சாலை 1977 கலவரத்தில் பட்ட பாட்டை அதில்தான் திரையில் கண்டோம். ஆனால் எண்ணூறு விக்கெட் எடுத்தால்தான் எங்கள் கதையைச் சொல்வார்கள் என்றால் மற்றவர்கள் என்ன செய்வது? பிரசன்ன விதானகேயின் ‘பரடைஸ்’ படத்தில் சுற்றுலா வந்த சோடியின் சாமான்கள் களவு போக, பொலிஸ் பிடித்து அடிப்பது தோட்டத்து ஆட்களை. அதுவும் இந்தியத் தயாரிப்புத்தான். எடுத்தவர் சிங்களவர், காசு போட்டது இந்தியா, அடி வாங்கியது நாங்கள். எங்கள் தமிழ் அலைவரிசைகள் அந்த நேரத்தில் எங்கே இருந்தன?

எழுத ஆள் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அதுவும் மாத்தளைக்காரியிடம். மாத்தளை கார்த்திகேசு மேடை நாடகம் போட்டு, கையில் இருந்ததை இறக்கி 1980இல் ‘அவள் ஒரு ஜீவநதி’ என்று படமே எடுத்தவர். அதற்கு முன்பே 1963இல் ‘தோட்டக்காரி’, 1975இல் வீ.பி. கணேசனின் ‘புதிய காற்று’ எல்லாம் வந்துவிட்டன. மாத்தளை சோமு ‘கண்டிச் சீமை’ நாவலில் கோப்பிக் காலத்தை எழுதி வைத்திருக்கிறார். மாத்தளை வடிவேலன், மலரன்பன் கதைகள் நூலகத்தில் தூசி படிந்து கிடக்கின்றன. 2023இல், எங்கள் ஆட்கள் மலையகத்துக்கு வந்து இருநூறு வருசம் என்று ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் இருந்து நினைவு நடைபயணம் தொடங்கினார்கள். ஓகஸ்ட் 12ஆம் திகதி எங்கள் மாத்தளை நகரத்தில்தான் வந்து முடித்தார்கள். பழைய ஆட்கள் வாந்திபேதியிலும் காட்டிலும் செத்து விழுந்து வந்த அதே வழி. நானும் வீதியோரம் நின்று பார்த்தேன். முழங்கால் வீங்கிய ஒரு கிழவி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அந்த ஒரு முகத்தை வைத்து நூறு கிழமைக்கு நாடகம் எழுதலாம். செய்தியில் காட்டினார்கள், அதோடு சரி.

காசு இல்லை என்பார்கள். வெளிநாட்டு நாடகம் போட்டால் அறவிட 2006ஆம் வருசத்து நிதிச் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. தமிழ் அலைவரிசைகளில் வெளிநாட்டு நாடகம் ஓட நாங்கள்தான் கண் விழித்துப் பார்க்கிறோம். அப்படியென்றால் அந்த வரியில் எங்கள் கண்ணுக்கும் ஒரு பங்கு உண்டுதானே? பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அரச தமிழ் அலைவரிசையில் கிழமைக்கு அரை மணித்தியாலம். மலையகத்தில் பிறந்தவர்கள் எழுத வேண்டும், மலையகத்தில் பிறந்தவர்கள் நடிக்க வேண்டும், “என்னாங்க” என்று சொன்னால் சிரிப்புச் சத்தம் போடக் கூடாது. பங்களா வேண்டாம், பட்டுச்சேலை வேண்டாம். பிள்ளைக் காம்பரா வாசலே போதும். காலையில் பிள்ளையை விட வருகிறவர்களும் மத்தியானம் பால் கொடுக்க ஓடி வருகிறவர்களும் அங்கே நின்று கதைக்காத கதை இல்லை. சின்னதொரை, கங்காணி, தலைவர் எல்லாருடைய வண்டவாளமும் அங்கேதான் வெளியே வரும்.

ஊடக அமைச்சிலோ அலைவரிசையிலோ இதைப் படித்து யாராவது எங்களிடம் கதை கேட்க வருவதாக இருந்தால் நல்லது. இரவு ஒன்பதரைக்குப் பிறகு வரச் சொல்லுங்கள். அதற்கு முன் நாடகம் போகும்.

ஒரு வாசகி,
எல்கடுவ, மாத்தளை.