இன்னொரு டாக்டரிடம் காட்டினால் என்ன தப்பு?

மனை வாங்கப் போகிறவர் என்ன செய்கிறார்? வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறார். தாய்ப்பத்திரம் கேட்கிறார். வக்கீலிடம் காட்டுகிறார். அதுவும் போதாமல் தெரிந்த இன்னொரு வக்கீலிடமும் ஒரு தடவை காட்டுகிறார். முதல் வக்கீல் கோபித்துக் கொள்வாரே என்று யாரும் கூச்சப்படுவதில்லை. உடம்பு விஷயத்தில் மட்டும் ஒரே ரிப்போர்ட், ஒரே டாக்டர்! இது என்ன நியாயம்?

முத்தியால்பேட்டையில் ஓய்வு பெற்ற ஒரு பெரியவரை நினைத்துக் கொள்ளுங்கள். வயது 65. ராத்திரியில் நாலு தடவை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறார். ரத்தப் பரிசோதனையில் பி.எஸ்.ஏ. 7 என்று வருகிறது. பக்கத்திலேயே '4க்குள் இருக்க வேண்டும்' என்று அச்சடித்திருக்கிறது. அவ்வளவுதான், புற்றுநோய் என்று அவரே முடிவு கட்டிவிடுகிறார். ஒன்று, தாளை பீரோவில் மறைத்து வைப்பார். இல்லை, அடுத்த வாரமே ஆபரேஷன் என்று ஓடுவார். இரண்டுமே தப்பு.

மறைப்பது பெரிய மனிதர்களும் செய்ததுதான். புதுவையில் இருக்கும் பிரெஞ்சுக் குடிமக்கள் பிரான்ஸ் அதிபர் தேர்தலில் ஓட்டுப் போடுகிறார்கள் அல்லவா? அந்தப் பதவியில் இருந்த மித்தரானுக்கு 1981 நவம்பரிலேயே புராஸ்டேட் புற்றுநோய் எலும்பு வரை பரவியிருந்தது. 1992 வரை நாட்டுக்குச் சொல்லவில்லை. ஆனால் அவர் ஊரிடம்தான் மறைத்தார், டாக்டரிடம் மறைக்கவில்லை. சிகிச்சை எடுத்துக்கொண்டு 1996 ஜனவரி வரை வாழ்ந்தார். நம்மூர்ப் பெரியவர்கள் டாக்டரிடமே மறைக்கிறார்கள்!

சரி, அந்த 7 என்ன சொல்கிறது? பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரப்பியில் உருவாகும் ஒரு புரதம். புற்றுநோய் வந்தால் கூடும். வயதாகிச் சுரப்பி பெருத்தாலும், சிறுநீரில் கிருமித் தொற்று இருந்தாலும் கூடும். 4க்கும் 10க்கும் இடையில் உள்ளவர்களுக்கு பயாப்சி செய்தால் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குத்தான் புற்றுநோய் தெரிய வருகிறது. தலைகீழாகவும் நடக்கும். சுரப்பி வீக்கத்துக்குக் கொடுக்கும் ஃபினாஸ்டரைடு மாத்திரை இந்த அளவைப் பாதியாகக் குறைத்துவிடும். மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லாவிட்டால் 3 என்ற எண்ணும் ஏமாற்றிவிடும்.

ஆகவே தொற்று இருந்தால் அதைச் சரிசெய்து, சில வாரம் கழித்து மறுபடியும் ரத்தம் பார்க்க வேண்டும். அப்புறமும் குறையவில்லையா? பயாப்சிக்கு முன் எம்.ஆர்.ஐ. பற்றிக் கேட்க வேண்டும். 500 பேரை வைத்து நடந்து 2018ல் வெளியான 'பிரிசிஷன்' ஆய்வில், முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்தவர்களில் 28 சதவீதம் பேருக்கு பயாப்சியே தேவைப்படவில்லை. ஆபத்தான கட்டிகளும் கூடுதலாகவே பிடிபட்டன.

பயாப்சியில் புற்றுநோய் என்றே வந்தாலும் கிளீசன் எண் எவ்வளவு என்று கேளுங்கள். 6 என்றால் மெதுவாக வளர்வது. 8 முதல் 10 வரை வேகமானது. மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பவர் மாறினால் இந்த எண்ணும் மாறலாம். ஸ்லைடுகளைக் கேட்டு வாங்கி இன்னொரு நிபுணரிடம் காட்டலாம். அதற்குச் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை, கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது.

அதற்குள் நோய் முற்றிவிடாதா? சுரப்பிக்குள்ளேயே இருக்கும் நோய்க்கு ஆபரேஷன், கதிர்வீச்சு, கண்காணிப்பு என்ற மூன்றையும் பிரிட்டனில் 1,643 பேரிடம் ஒப்பிட்டார்கள். 15 ஆண்டு கழித்து, 2023ல் வந்த முடிவு: எந்த வழியில் போனவர்களிலும் இந்த நோயால் இறந்தவர்கள் சுமார் 3 சதவீதம்தான். கண்காணிப்பில் இருந்தவர்களுக்கு நோய் பரவியது அதிகம் என்பதும் உண்மை. ஆனாலும் இன்னொரு கருத்துக் கேட்கச் சில வாரம் தாராளமாக இருக்கிறது.

எலும்பு வலி, சிறுநீரில் ரத்தம், பி.எஸ்.ஏ. மிக அதிகம் என்றால் மட்டும் ஒரு நாளும் தள்ளிப் போடக் கூடாது. நமக்குப் பிடித்த பதில் கிடைக்கும் வரை டாக்டர் டாக்டராக அலைவதும் இரண்டாவது கருத்து ஆகாது.

நல்ல டாக்டர் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார். அப்பாக்கள் தானாக வாய் திறக்கவும் மாட்டார்கள். பீரோவில் இருக்கும் அந்தத் தாளைப் பிள்ளைகள்தான் கேட்டு வாங்க வேண்டும்.